கொடி காட்டுகிறவர்

குன்னூர்,
ஜனவரி 20

அன்புள்ள ராஜாமணி,

உன் கடிதம் போகிக்கு முதல் நாள் வந்தது. என் முழங்கால், இங்கத்திய பனி, தேயிலை விலை எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் கடைசி நாலு வரியில்தான் விஷயத்துக்கு வந்திருக்கிறாய். பேத்திக்கு ஆறு வயதாகியும் ராத்திரி படுக்கையிலேயே போய்விடுகிறாள், ஹிப்னாடிசத்தால் மூன்றே தடவையில் நிறுத்திவிடுவதாக ஒரு விளம்பரம் பார்த்தேன், கூட்டிப் போகலாமா என்று. ஊரில் இத்தனை பேர் இருக்க என்னிடம் ஏன் கேட்டாய் என்று புரிந்தது. சிரித்துக்கொண்டேன். ஆனால் நீ நினைத்ததைவிடச் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். போன வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் இதே கதைதான்.

என் பேரன் கவினுக்கு எட்டு வயது. மகள் மலரும் அவனும் இரண்டு வருஷமாக எங்களோடுதான் இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வேலை, சனி ஞாயிறு வந்து போவார். பிறந்ததிலிருந்து ஒரு மாதம்கூடச் சேர்ந்தாற்போல் இவன் படுக்கை நனையாமல் இருந்ததில்லை. கீழே உங்கள் ஊரில் மெத்தையை மொட்டை மாடியில் போட்டால் மத்தியானத்துக்குள் மொறுமொறு என்று ஆகிவிடும். இங்கே ஜூலைச் சாரலில் நாலு நாள் ஆனாலும் காயாது. முப்பத்தோரு வருஷம் தேயிலை ஃபாக்டரியில் டீமேக்கராக இருந்தவன் நான். நூறு டிகிரிக் காற்றில் இருபது நிமிஷத்தில் தூளின் ஈரத்தை 3 சதவீதத்துக்குக் கொண்டுவரத் தெரியும். ஒரு சின்ன மெத்தையிடம் தோற்றேன். ஹீட்டர் முன்னால் நிமிர்த்தி வைத்துக் கையை அழுத்திப் பார்ப்பேன். மேலே சுடும், உள்ளே சில்லென்று இருக்கும். தூளில் இப்படி ஆனால் கேஸ் ஹார்டனிங் என்போம். மேல்பக்கம் அவசரமாகக் காய்ந்து, உள் ஈரம் அடைபட்டுப் போவது.

உன் தங்கச்சி எள்ளுருண்டை கொடுத்துப் பார்த்தாள். ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது என்றாள். பன்னிரண்டு மணிக்கு எழுப்பிக் கூட்டிப் போனாள். பையன் தூக்கத்திலேயே நடப்பான், போவான், வந்து படுப்பான். காலையில் கேட்டால் ஒன்றும் ஞாபகம் இருக்காது. நாலு மணிக்கு மறுபடி நனைந்திருக்கும். மலருக்குப் பொறுமை போய் ஒரு நாள் அடித்துவிட்டாள். அன்று காலை அவன் நனைந்த டிரவுசரைச் சுருட்டி ஸ்கூல் பைக்குள் திணித்ததைப் பார்த்தேன். எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோயம்புத்தூரில் ஒரு குழந்தை டாக்டரிடம் போனோம். மலச்சிக்கல் உண்டா, குறட்டை விடுகிறானா, புதிதாகத் தாகம் கூடியிருக்கிறதா என்றுதான் அவர் முதலில் கேட்டார். மலம் கட்டிக்கொண்டால் அது மூத்திரப்பையை நெருக்குமாம். சர்க்கரைக்கும் கிருமிக்கும் மூத்திரம் பரிசோதித்தார். எல்லாம் சரியாக இருந்தது. “வயசோட ஒண்ணைக் கூட்டி முப்பதால பெருக்குங்க, அத்தனை மில்லி பை பிடிக்கணும்” என்றார். கவினுக்கு 270. ஒரு சனி ஞாயிறு முழுக்க அளந்து எழுதினோம். அந்த அளவு ஜாடி இனிச் சமையலறைக்குத் திரும்பாது.

அப்புறம், “குடும்பத்தில வேற யாருக்காவது இப்படி இருந்ததா?” என்று கேட்டார். மலர் உடனே இல்லை என்றாள். மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் சிறுநீரகம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “எனக்கு இருந்தது டாக்டர். பதினோரு வயசு வரைக்கும்” என்றேன். நாற்பது வருஷமாக உன் தங்கச்சிக்கே தெரியாத விஷயம், ராஜாமணி. மலர் பார்த்த பார்வையை விடு. கவின் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “பதினொண்ணா? அப்ப நான் உங்களை ஜெயிச்சிடுவேன் தாத்தா” என்றான்.

இது பரம்பரையில் ஓடுவது என்றார் டாக்டர். பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வர 44 சதவீத வாய்ப்பு, இருவருக்கும் என்றால் 77. தாத்தா கணக்கை அவர் சொல்லவில்லை. பை நிறைந்த சேதி எட்டாத அளவுக்கு ஆழ்ந்த தூக்கம், ராத்திரியில் மூத்திரத்தைக் குறைக்கும் வாசோபிரசின் ஹார்மோன் போதாமல் சுரப்பது, சின்னப் பை. காரணம் இப்படித்தான் ஏதாவது இருக்குமே தவிர, திமிரோ சோம்பலோ இல்லை. நம் ஹாஸ்டல் வார்டன் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

முதலில் அலாரம் கொடுத்தார். உள்ளாடையில் ஈரம் பட்டதும் அலறும் கருவி. 1938-லேயே மௌரர் என்ற அமெரிக்கத் தம்பதி இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கும் முதல் வைத்தியம் இதுதான். அது அலறியதில் நான் எழுந்தேன், உன் தங்கச்சி எழுந்தாள், பக்கத்து வீட்டு நாய் எழுந்தது. கவின் மட்டும் தூங்கினான். இரண்டு மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும் என்றார்கள். நாங்கள் பத்தொன்பது நாளில் கையைத் தூக்கிவிட்டோம். அது எங்கள் தப்பு. மதுரையில் ஒரு கல்யாணத்துக்காக டெஸ்மோபிரசின் மாத்திரை தந்தார். அந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்வது. போட்டபின் தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது. குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி வலிப்புக்கூட வரலாம். மாத்திரை போட்ட ராத்திரியெல்லாம் காய்ந்த படுக்கை, நிறுத்தியதும் பழைய கதை.

அதற்குப் பிறகுதான் ஹிப்னோதெரபி பழகிய ஒரு மனநல டாக்டரம்மாவிடம் அனுப்பினார். எனக்கு இஷ்டமில்லை. எட்டாம் வகுப்பில் நம் ஆண்டுவிழாவுக்கு ஒரு மேஜிக்காரர் வந்து, டிரில் மாஸ்டரை மேடையில் உட்காரவைத்துப் பச்சை வெங்காயத்தை ஆப்பிள் என்று தின்ன வைத்தாரே, அதுதான் என் கண்ணில் நின்றது. பையனை ஏதாவது செய்துவிடப் போகிறார்கள் என்று நானே கூடப் போய் அறைக்குள் உட்கார்ந்துகொண்டேன்.

ஒன்றும் ஆடவில்லை, சங்கிலியில் கடிகாரம் இல்லை. கவின் பாதி நேரம் கண்ணைக்கூட மூடவில்லை, காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். குழந்தைகள் அப்படித்தான் என்றார் அந்தம்மா. அவன் தூங்கவும் இல்லை. ஜன்னல் வழியாக வந்த ஹாரன் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தான். தமிழில் இதற்கு அறிதுயில் என்று ஒரு சொல் இருக்கிறதே, ரங்கநாதர் படுத்திருப்பதற்குச் சொல்வது, எனக்கு அது சரியாகப் பட்டது. கதை கேட்கும்போது வாயைப் பிளந்துகொண்டு குழந்தை எங்கேயோ போய்விடுமில்லையா, அந்த நிலை.

முதலில் ஒரு தாளைக் கொடுத்து மேலே மூளை, கீழே மூத்திரப்பை வரையச் சொன்னார். “கீழ இருக்கறவர் மேல இருக்கறவருக்கு எப்படிச் சேதி சொல்லுவார்?” என்று கேட்டார். போன் என்பான் என்று எதிர்பார்த்திருப்பார் போல. இவனுக்கு உலகத்திலேயே பிடித்தது எங்கள் மலை ரயில். “கொடி காட்டுவார்” என்றான். அந்தம்மாவுக்குப் புரியவில்லை. கவின் நாற்காலியில் மண்டிபோட்டு விளக்கினான். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. பெட்டிக்குப் பெட்டி பிரேக்ஸ்மேன் நிற்பார். முதல் பெட்டிக்காரர் கொடி காட்டினால் அடுத்தவர் காட்டுவார், அப்படியே டிரைவர் வரைக்கும் போகும். “சிவப்புன்னா நிறுத்திடுவாங்க. தண்ணி விஷயம்னா ஹில்குரோவ்ல நிக்கும்.” எஞ்சின் தண்ணீர் பிடிக்கிற ஸ்டேஷன்களில் ஒன்று அது.

அவ்வளவுதான், அந்தம்மா கையிலிருந்த சாமானையெல்லாம் கீழே வைத்துவிட்டு அவன் சொன்னதையே எடுத்துக்கொண்டார். ரயில் மேட்டில் ஏறுகிற தாளத்தில் மூச்சு விடச் சொன்னார். கைகள் கனத்துத் தொங்கியதும், குரலைத் தாழ்த்தி, பை நிறைவதையும் கொடி கைமாறிக் கைமாறி மேலே போவதையும் டிரைவர் கண் திறப்பதையும் இவன் எழுந்து பாத்ரூம் போய் வந்து காய்ந்த படுக்கையில் படுப்பதையும் சொல்லிக்கொண்டே போனார். இருபது நிமிஷம். அடுத்த தடவை அவர் பாதி, இவன் பாதி. மூன்றாவது தடவை முழுக்க இவன். தினமும் படுக்கும் முன் பத்து நிமிஷம் தானாகச் செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் வைத்தியமே. மந்திரம் போட்டது யாரும் இல்லை.

எங்களுக்கும் ஒரு பத்தியம் உண்டு. பயிற்சி செய்தாயா என்று கேட்கக் கூடாது. நடு ராத்திரி எழுப்பக் கூடாது. காலையில் “நனைஞ்சுதா?” கூடாது. நனைந்தால் அவனே என்னோடு சேர்ந்து விரிப்பை மாற்றுவான், அதுவும் தண்டனை மாதிரி இல்லாமல். என்னைக் கேட்டால் பாதி வேலையை இந்தப் பத்தியம் செய்தது. அதுவரை மூன்று பெரியவர்கள் சுமந்த விஷயத்தை அவன் கையில் கொடுத்துவிட்டோம்.

மூன்று வாரம் ஒன்றும் இல்லை. பஸ் கட்டணம் தண்டம் என்று நினைத்தேன். மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் இவன் வாந்தி வேறு எடுப்பான். அப்புறம் ஒரு நாள் விடியற்காலை பாத்ரூம் தாழ்ப்பாள் சத்தம். உன் தங்கச்சி எழப் போனாள், கையைப் பிடித்து நிறுத்தினேன். தண்ணீர் ஊற்றும் சத்தம், சின்னக் காலடி, கம்பளியை இழுத்துக்கொள்ளும் சத்தம். நாங்கள் இரண்டு பேரும் திருடன் புகுந்த வீட்டில் கிடப்பது மாதிரி மூச்சு விடாமல் கிடந்தோம். நவம்பரிலிருந்து இரண்டே ராத்திரிதான் நனைந்தது, அதில் ஒன்று காய்ச்சலில். இந்தப் பொங்கலுக்குத் திருப்பூரில் பெரியப்பா பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்தான், ரப்பர் ஷீட் இல்லாமல்.

இதை வைத்து நீ கிளம்பிவிடாதே. 1975-இல் கேரன் ஓல்னஸ் என்ற குழந்தை மருத்துவர் 40 பிள்ளைகளுக்கு இந்தச் சுய ஹிப்னாசிஸைக் கற்றுக்கொடுத்து, 31 பேருக்கு நின்றது என்று எழுதியிருக்கிறார். 1993-இல் இன்னொரு ஆய்வு: 25 பேருக்கு இமிபிரமின் மாத்திரை, 25 பேருக்கு ஹிப்னாசிஸ். மூன்று மாதத்தில் 76 சதவீதமும் 72 சதவீதமும் தேறினார்கள். மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மாத்திரைக்காரர்களில் நூற்றுக்கு 24 பேர்தான் தேறிய நிலையிலேயே இருந்தார்கள், ஹிப்னாசிஸ்காரர்களில் நூற்றுக்கு 68 பேர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐம்பது பேரை வைத்து ஊருக்கெல்லாம் சொல்ல முடியாது. அலாரத்துக்கு இருக்கும் ஆதாரம் இதற்கு இன்னும் இல்லை. இதே பிரச்சினை உள்ள பிள்ளைகளில் வருஷத்துக்கு நூற்றில் பதினைந்து பேருக்குத் தானாகவே நின்றும் போகிறது. கவின் அந்தப் பதினைந்தில் ஒருவனா, கொடிதான் வேலை செய்ததா, எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்த 1993 ஆய்விலேயே ஐந்திலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஹிப்னாசிஸ் அவ்வளவாகப் பலிக்கவில்லை. உன் பேத்திக்கு ஆறுதான். ஐந்து வயதில் நூற்றில் பதினைந்து பிள்ளைகள் நனைக்கத்தான் செய்கிறார்கள். முதலில் குழந்தை டாக்டரிடம் காட்டு, மலச்சிக்கலைப் பார்க்கச் சொல். இத்தனை நாள் நன்றாக இருந்து திடீரென்று ஆரம்பித்திருந்தால் இன்றைக்கே போ. பகலில் தண்ணீரை நிறைய கொடு, சாயங்காலம் குறை. கேரண்டி போட்டவன் பக்கம் போகாதே; யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். டாக்டரோ முறையாகப் படித்த உளவியலாளரோ அல்லாத ஆளிடம் குழந்தையைத் தனியாக அறைக்குள் அனுப்பாதே. அவளுக்கு இஷ்டமில்லையென்றால் எதுவும் நடக்காது. மருமகளிடம் திட்ட வேண்டாம் என்று நீயே சொல், மகன் சொன்னால் எடுபடாது.

ஒன்று கேட்க வேண்டும். 1969-இல் ஆறாம் வகுப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு நீ என் காலைச் சுரண்டி எழுப்பி, கிணற்றடி வரைக்கும் கூட்டிப் போய் நிற்பாய். யாரிடமும் சொன்னதில்லை. எழுப்புவதால் பழக்கம் தீராது என்று இப்போது தெரிகிறது. உன் புண்ணியத்தில் பாய் மட்டும் காய்ந்தது, அதுவே எனக்குப் பெரிய விஷயம். கவின் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “அவர் கரெக்டா ரெண்டு மணிக்கு எப்படி எழுந்தார் தாத்தா?” என்றான். எனக்குப் பதில் இல்லை. உன்னிடம் கடிகாரம் கிடையாது. தலையணையிடம் சொல்லிவிட்டுப் படுத்தாய் என்று சொல்ல, தலையணையும் கிடையாது, மடித்த வேட்டிதான். எப்படியடா எழுந்தாய்? பதிலில் மறக்காமல் எழுது, பையன் தினமும் கேட்கிறான்.

உன்,
சண்முகம்