ஐந்து ஸ்ட்ரிங் பேஸுக்கு எந்த ஆம்ப்?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை காலம் உறைக்குள் கிடந்த பேஸ் கிட்டாரை மறுபடி எடுத்துவிட்டாய், அதுவும் ஒரு குழுவில் சேர்ந்து வாசிக்கிறாய் என்று படித்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. விரல் நுனித் தோல் காய்க்கும்வரை வலிக்கத்தான் செய்யும். அதுவரை ஒரே மூச்சில் மணிக்கணக்காக வாசிக்காதே.

இங்கே எல்லோரும் நலம். மகள் டபுள் பேஸ் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறாள். அவளைவிட உயரமான கருவி. வில்லை இழுத்தால் தரை அதிர்கிறது, எனக்குக் கேட்டு அலுக்கவில்லை. தாமஸுக்குத்தான் காதில் ஓயாத இரைச்சல். இப்போது காதடைப்பான் மாட்டாமல் டிரம்ஸ் பக்கமே போவதில்லை. நீயும் ஒரு ஜோடி வாங்கிவிடு. ஆம்ப் வாங்குவதற்கு முன்பே வாங்கு.

சரி, பேஸின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் விஷயம். ஆம்பெக், கேலியன்-க்ரூகர், மார்க்பாஸ், அகிலார் என்று நான்கு ஆம்ப் நிறுவனங்களின் பெயரை எழுதி, எதில் டோன், அதாவது ஒலியின் குணம், நன்றாக இருக்கும் என்று கேட்டிருக்கிறாய். நான்கிலும் நன்றாக இருக்கும். ஆனால் அறையில் தனியாக உட்கார்ந்து வாசித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவாய். தனியாக வாசிக்கும்போது காதுக்கு இனிப்பது ஆழமான லோவும் (தாழ்ந்த ஒலி) பளபளக்கும் ட்ரெபிளும் (உச்ச ஒலி). இரண்டு கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் சேர்ந்ததும் அந்த இரண்டுமே காணாமல் போகும். கிக் டிரம் கீழே உள்ளதை விழுங்கிவிடும், சிம்பல் மேலே உள்ளதை விழுங்கிவிடும். மிஞ்சுவது நடுப்பகுதியான மிட் மட்டும். ஒவ்வொரு நிறுவனத்தின் குணமும் அந்த மிட்டை அது எப்படிக் கையாள்கிறது என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆம்பெக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் நாம் அதோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறோம். அந்த நிறுவனம் 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தொடங்கியது. டபுள் பேஸ் தரையில் நிற்கும் ஊன்றுகோலோடு ஒரு மைக்கைப் பொருத்தி ஒலியைப் பெருக்கியதுதான் தொடக்கம். மகளிடம் சொன்னேன், கண் விரித்துக் கேட்டாள். 1960-ல் பி-15 போர்டாஃப்ளெக்ஸ் வந்தது. ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர், சுமார் 25 வாட், மேல்மூடியைத் திருப்பினால் ஆம்ப் வெளியே வரும். மோடவுன் இசை நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் கிளப்புகளில் வாசித்தது இதில்தான். மோடவுன் பதிவுகளில் பெரும்பாலும் அவர் ஆம்ப் இல்லாமல் நேரே மிக்ஸிங் போர்டுக்குள் வாசித்தார் என்பதையும் சேர்த்து நினைவில் வை. அந்த டோனில் பெரும்பங்கு அவருடைய ஒற்றை விரலுக்கும் பழைய ஸ்ட்ரிங்குகளுக்கும் உரியது.

1969-ல் வந்தது ஆம்பெக்கின் எஸ்விடி. 300 வாட், டியூப் (வெற்றிடக் குழாய்) மட்டும் 14. ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி, 35 கிலோவுக்கு மேல், அதோடு சேரும் கேபினட், அதாவது எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டி, அதைவிடவும் கனம். அந்த வருடமே ரோலிங் ஸ்டோன்ஸ் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் மேடையேறிவிட்டது. அதன் ஒலியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நம் தாழ்ந்த ஈ ஸ்ட்ரிங்கின் அடிப்படை 41 ஹெர்ட்ஸ். அந்தப் பிரம்மாண்டமான கேபினட்டோ 60 ஹெர்ட்ஸை ஒட்டியே தளர ஆரம்பித்துவிடும். அதாவது, உலகம் 'கனமான பேஸ்' என்று கொண்டாடும் ஒலியில் அடிப்படை சுரம் குறைவாகவும், அதற்கு மேலே 82-ல் இருக்கும் இரண்டாவது ஹார்மோனிக் (அடிப்படையின் இரு மடங்கு அதிர்வெண்ணில் சேர்ந்து ஒலிப்பது) பலமாகவும் இருக்கிறது. ஹார்மோனிக்குகளைக் கேட்டதும் விடுபட்ட அடிப்படையை நம் காதே நிரப்பிக்கொள்கிறது. கீழே கலங்கலான ஒலி குறைவதால் டிரம்ஸோடு மோதாமல் தெளிவாகவும் நிற்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் லோ குமிழைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

டியூப்பின் பங்கும் உண்டு. அழுத்தி வாசிக்கும்போது டியூப் பவர் ஆம்ப் ஒலியை மெல்ல நெரித்து, ஹார்மோனிக்குகளைச் சேர்த்துக் கொடுக்கும். அதனால்தான் 300 வாட் டியூப் ஆம்ப், அதே வாட் உள்ள டிரான்சிஸ்டர் ஆம்பைவிடச் சத்தமாகத் தோன்றுகிறது. நீ மெல்லத் தொட்டால் சுத்தம், ஓங்கினால் உறுமல். கைக்கும் ஒலிக்கும் நடுவே இப்படி ஒரு உரையாடல் நடப்பதை அனுபவித்தவர்கள் அதை விடமாட்டார்கள். ஆனால் உன் முதுகுக்கு அது வேண்டாம் சேகர். அதோடு, ஸ்பீக்கரை இணைக்காமல் டியூப் ஆம்பை ஓட்டவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும்.

ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்ப் 1952-ல் வந்தது என்றாலும் அதைப் பெரிதாகக் கொண்டாடியது கிட்டார்காரர்கள்தான். 1962-ல் மார்ஷலின் முதல் ஆம்பே அதைப் பார்த்துச் செய்ததுதான். அக்கூஸ்டிக் 360 வேறு ரகம். 1960-களின் கடைசியில் வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப், 200 வாட், பின்புறம் பார்த்த 18 அங்குல ஸ்பீக்கர். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் அதில் பிரிட்ஜ் பிக்கப்பை (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகங்களில் பின்னால் உள்ளது) மட்டும் வைத்து வாசித்தபோது, லோவை நம்பாமல் மிட்டாலேயே ஒரு பேஸ் பாட முடியும் என்பது ஊருக்கே தெரிந்தது.

உன் பட்டியலில் உள்ள கேலியன்-க்ரூகருக்கு வருவோம். 1980-களின் தொடக்கத்தில் வந்த அவர்களுடைய 800ஆர்பி ஆம்பில் லோவுக்கு 300 வாட், மேல் பகுதிக்கு 100 வாட் என்று தனித்தனியாகப் பிரித்திருந்தார்கள். விரல் ஸ்ட்ரிங்கை விடும் அந்தக் கணம் அதில் உடனே, கூர்மையாக வரும். மிட்டில் ஒரு மெல்லிய கடி இருக்கும். டிஸ்டார்ஷன் (வேண்டுமென்றே சேர்க்கும் கரகரப்பு) போட்ட கிட்டார் இரண்டுக்கு நடுவே வழி கண்டுபிடிக்க அந்தக் கடி வேண்டும்.

எஸ்டபிள்யூஆர் நிறுவனம் 1984-ல் இதற்கு எதிர்த்திசையில் போனது. ஒலியை முதலில் வடிவமைக்கும் ப்ரீஆம்ப் டியூப், பவர் பகுதி டிரான்சிஸ்டர், நான்கு 10 அங்குல ஸ்பீக்கரோடு உச்ச ஒலிக்கு ஒரு ட்வீட்டர். ஸ்லாப் வாசிப்பவர்களுக்கு, அதாவது கட்டைவிரலால் ஸ்ட்ரிங்கைத் தட்டி வாசிப்பவர்களுக்கு, கண்ணாடிபோன்ற ஒலி. தனியாகக் கேட்டால் அதற்கு இணை கிடையாது. இங்கிலாந்தின் ட்ரேஸ் எலியட்டும் அப்படித்தான், ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க வரிசையாகக் கிராஃபிக் ஈக்யூ குமிழ்கள், மிட்டை வெட்டும் ப்ரீஷேப் பொத்தான். ஸ்லாப்புக்குப் பேர்போன மார்க் கிங்கின் கட்டைவிரலுக்கு அது பொருத்தம். விரலால் வாசிக்கும் உனக்கு அந்தப் பொத்தான் தேவையே இல்லை. இன்று பல ஆம்புகளில் 'கான்டூர்' என்ற பெயரில் இருப்பதும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. கடையில் அதை அமுக்கினால் மயங்கிவிடுவோம், குழுவோடு வாசிக்கும்போது அமுக்கினால் மறைந்துவிடுவோம்.

இத்தாலியின் மார்க்பாஸ் 2001-ல் தொடங்கியது. மஞ்சள் ஸ்பீக்கர், இலகுவான பெட்டி, நேர்மையான, சற்று மிட் தூக்கலான ஒலி. உன் பேஸ் எப்படி இருக்கிறதோ அப்படியே காட்டிவிடும். நல்ல பேஸ் என்றால் நல்லது. நியூயார்க்கின் அகிலாரில் லோ-மிட் தடிமனாக இருக்கும், மேலே உறுத்தாது. பாடகருக்குப் பின்னால் வாசிக்க அதைவிட இதமான ஆம்ப் எனக்குத் தெரியாது. அவர்களுடைய டோன் ஹேமர் 500 இரண்டு கிலோகூட இல்லை, ஆனால் 500 வாட். ஹெல்சின்கியின் டார்க்கிளாஸ் டிஸ்டார்ஷன் விரும்பும் மெட்டல்காரர்களுக்கு. அதை விட்டுவிடலாம்.

இவ்வளவு எடை எப்படிக் குறைந்தது என்று கேட்டிருந்தாய். பழைய ஆம்பில் பாரமே டிரான்ஸ்ஃபார்மர்தான். கிளாஸ் டி ஆம்பும் அதோடு வரும் பவர் சப்ளையும் மின்சாரத்தை மிக உயர்ந்த அதிர்வெண்ணில் விட்டுவிட்டுச் செலுத்துகின்றன. அதிர்வெண் உயர்ந்தால் சின்ன டிரான்ஸ்ஃபார்மரே போதும். வெப்பமும் குறைவு, ஆகவே பெரிய ஹீட்சிங்க் வேண்டாம். வாட் எண்ணைப் பார்த்து மயங்காதே. வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 500 வாட் உனக்குத் தாராளம்.

அதைவிடக் கேபினட்டில் கவனம் வை. ஹெட்டை மாற்றினால் ஒலியின் சாயல் மாறும், கேபினட்டை மாற்றினால் ஆளே மாறிவிடும். உன் ஐந்தாவது, மிகத் தாழ்ந்த பி ஸ்ட்ரிங்கின் அடிப்படை 31 ஹெர்ட்ஸ். சின்னப் பெட்டி எதுவும் அதை உண்மையாகக் கொடுக்காது, கொடுக்கவும் தேவையில்லை என்று மேலே சொன்னேன். ஆனால் 62-ல் வரும் ஹார்மோனிக் தெளிவாக வர வேண்டும். வாசித்துப் பார்க்கும்போது பி ஸ்ட்ரிங்கில் மெதுவாக ஏறிப் போ. ஏதாவது ஒரு சுரம் மட்டும் திடீரென்று பொங்கினால் அந்தப் பெட்டி வேண்டாம்.

என் முடிவைச் சொல்கிறேன். இரண்டு கிட்டாரும் டிஸ்டார்ஷன் போடுபவர்கள் என்றால் கேலியன்-க்ரூகர். கிட்டார்கள் சுத்தமாக ஒலித்து, பாட்டுக்கு இடம் கொடுப்பவர்கள் என்றால் அகிலார். ஆம்பெக் ஒலி மனதிலேயே நிற்கிறது என்றால் அவர்களுடைய இலகுவான கிளாஸ் டி ஹெட்டைப் பார். டியூப் கொடுக்கும் அந்த நெரிப்பு முழுசாக வராது, மிட்டின் சாயல் வரும். எதை வாங்கினாலும் 8 ஓம், ஒற்றை 12 அங்குலக் கேபினட் ஒன்றோடு தொடங்கு. பிறகு அதே மாதிரி இன்னொன்றைச் சேர்த்தால் 4 ஓம் ஆகும், ஹெட் தன் முழு பலத்தையும் கொடுக்கும். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கு, மேல் ஸ்பீக்கர் உன் காதுக்குப் பக்கத்தில் வரும். அப்புறம், கீபோர்டுக்காரரிடம் இடது கையைக் கொஞ்சம் மேலே வைத்து வாசிக்கச் சொல். எந்த ஆம்பும் செய்யாத உபகாரம் அது.

முதல் நாள் எல்லாக் குமிழையும் நடுவில் வைத்துவிட்டுக் குழுவோடு வாசி. பேஸ் கேட்கவில்லை என்றால் 400-லிருந்து 800 ஹெர்ட்ஸ் வரை உள்ள மிட்டைக் கொஞ்சம் ஏற்று. லோவைத் தொடாதே.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் எழுது. உன் பேஸ் ஆக்டிவா (உள்ளே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் உள்ளதா) பாசிவா (அது இல்லாததா)? ஒத்திகையில் டிரம்ஸ் எவ்வளவு சத்தம்? என்னிடம் உள்ள அகிலார் ஹெட்டை இப்போது மகளின் டபுள் பேஸுக்குத்தான் போடுகிறோம், ஒரு மாதம் இல்லாமல் சமாளித்துக்கொள்வாள். முகவரி மாறியிருந்தால் சொல், அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
ரமணன்