கிளியோபாட்ரா இறந்தது பாம்பாலா, நஞ்சாலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எகிப்து அரசி கிளியோபாட்ரா நாகம் தீண்டி இறந்தார் என்று சென்ற ஞாயிறு இணைப்பில் ஐயமின்றி எழுதப்பட்டிருந்தது. கி.மு. 30 ஆகஸ்டில், 39 வயதில், அலெக்சாந்திரியாவில் அவர் இறந்தார் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எப்படி இறந்தார் என்பதில்தான் தெளிவில்லை.

ஏறக்குறைய அக்காலத்தவரான கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோவே பாம்புக்கடி என்றும் நஞ்சுக் களிம்பு என்றும் இருவிதமாகச் சொல்லப்படுவதைக் குறிப்பிடுகிறார். நூறாண்டுக்கும் பிறகு எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க், அத்திப்பழக் கூடையில் பாம்பு வந்த கதையையும் உட்துளையுள்ள கூந்தல் ஊசியில் ஒளித்த நஞ்சையும் சொல்லிவிட்டு, உண்மையை எவரும் அறியார் என்று ஒப்புக்கொள்கிறார்; அறையில் பாம்பு காணப்படவில்லை என்றும் எழுதுகிறார்.

கேரள எல்லையை ஒட்டிய எங்கள் களியக்காவிளைப் பகுதியில், விடியுமுன் ரப்பர்த் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போகிறவர்கள் நாகத்தை நன்கறிவார்கள். கடிக்கும் ஒவ்வொரு முறையும் நஞ்சு இறங்குவதில்லை; இறங்கினால் இமை தளர்ந்து, நாக்குக் குழறி, மூச்சு முட்டும். ஐந்தடிக்கு மேலும் வளரும் எகிப்திய நாகம் ஒன்று கூடையில் மறைந்து வந்து, அரசியையும் ஐராஸ், சார்மியன் என்னும் பணிப்பெண்கள் இருவரையும் அடுத்தடுத்துக் கொன்றது என்பதை என் மனம் ஏற்கவில்லை.

கிளியோபாட்ராவை வென்ற ரோமானியத் தலைவர் ஆக்டேவியன் ரோமில் நடத்திய வெற்றி ஊர்வலத்தில் பாம்புடன் கூடிய அரசியின் உருவம் கொண்டுசெல்லப்பட்டதே அக்கதையை நிலைநிறுத்தியது என்று கருதுகிறேன். அரசியின் கல்லறையும் இன்றுவரை கண்டறியப்படவில்லை. தங்கள் ஞாயிறு இணைப்பை மாணவர்கள் விரும்பிப் படிப்பதால், தாங்கள் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், களியக்காவிளை