மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி இடத்தைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரிட்டயர் ஆகி காரைக்குடி பக்கம் சொந்த ஊருக்கே திரும்பி வர்றவங்க நிறைய பேர் வீட்லயே சின்னதா ஒரு மரப்பட்டறை போட ஆசைப்படுறாங்க, கேக்கவே சந்தோஷமா இருக்கு, ஆனா முதல்ல மெஷினை வாங்கிட்டு அப்புறம்தான் எங்க வைக்கிறதுன்னு யோசிக்கிறாங்க. நானும் அப்படித்தான் செஞ்சேன்.

எங்க வீடு பள்ளத்தூர்ல, அப்பச்சி காலத்துது. காத்தும் வெளிச்சமும் வருதேன்னு வளவுத் தாழ்வாரத்துல, அதாவது வீட்டு நடுவுல இருக்கற திறந்த முற்றத்தைச் சுத்தின தாழ்வாரத்துல, டேபிள் சாவைப் போட்டேன், மேஜைக்கு நடுவுல வட்ட பிளேடு சுத்துற மரம் அறுக்கற மெஷின் அது. ரெண்டே நாள்ல மரத்தூள் சாமி வீடு, அடுப்படி வரைக்கும் போயிடுச்சு. தரையில பதிச்ச ஆத்தங்குடிக் கல்லுல தூள் படிஞ்சு கால் வழுக்குது, பக்கத்துல பிளேடு சுத்திக்கிட்டு இருக்கு, நினைச்சாலே இப்பவும் பதறுது. மரத்தூள் புற்றுநோய் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லயே சொல்லிடுச்சு, அதனால தூள் உறிஞ்சுற மெஷினும் என்95 மாஸ்க்கும் கட்டாயம் வேணும்.

இப்ப பட்டறை பின்கட்டுல இருக்கு. 8 அடிப் பலகையை நீளவாக்குல அறுக்கணும்னா பிளேடுக்கு முன்னாடி 8 அடி, பின்னாடி 8 அடி வேணும், அவ்ளோ பெரிய ரூம் யார்கிட்ட இருக்கு? நம்ம வீடுகள்லதான் வாசக்கதவெல்லாம் ஒரே நேரா இருக்கே, டேபிள் சாவை பின்வாசலுக்கு நேரா வச்சேன், அறுபட்ட பலகை கதவு வழியா தோட்டத்துப் பக்கம் போயிடும்.

அடுத்தது கரன்ட். பழைய வீட்ல மரச்சட்டத்துல ஓடுற வயரும் 5 ஆம்ப் பிளக்கும் இதுக்குத் தாங்காது. 1500 வாட் சா ஓடும்போதே ஆறரை ஆம்ப் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது அதைவிட பல மடங்கு. மெயின் போர்டுலேருந்து தனி லைன், 16 ஆம்ப் பிளக், ஒழுங்கான எர்த், கரன்ட் கசிஞ்சா உடனே லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, இதெல்லாம் முடிச்சிட்டு மெஷினுக்குப் பணம் கட்டுங்க.

இன்னொண்ணு, இடிச்ச வீட்டுச் சாமான் கடைகள்ல பர்மா தேக்கு கிடைக்குதுன்னு ஆசையா வாங்குவோம். நான் ஒரு நிலைக்காலை மரம் இழைக்கிற பிளேனர் மெஷின்ல விட்டேன், டணார்னு ஒரு சத்தம், பொறி பறந்துச்சு, நிறுத்திப் பார்த்தா பிளேடு முனையில நெல்லுமணி அளவு ரெண்டு இடத்துல உடைஞ்சு போயிருக்கு. கொண்டை ஒடிஞ்ச இரும்பாணி மரத்துக்குள்ளயே இருந்திருக்கு, மேல வார்னிஷ் பூசினதால கண்ணுக்கே தெரியல. எங்க ஆசாரி வந்து நல்ல காந்தத்தை ஒரு நூல்ல கட்டி மரத்து மேல நகர்த்திக் காட்டினாரு, ஆணி இருக்கற இடத்துல அது டக்குனு இழுக்குது. இப்ப அப்படிப் பார்க்காம ஒரு கட்டையையும் மெஷின்ல விடறதில்ல.

உங்க பேப்பர்ல வாரம் ஒரு பத்தி இதுக்கு ஒதுக்கினா நல்லாருக்கும், அனுபவமுள்ள ஆசாரியும் எலக்ட்ரீசியனும் பேசட்டும். எங்க அடுத்த தெருவுல ஒருத்தர் போன வாரம்தான் சா வாங்கிட்டு வந்தாரு, அதுவும் வளவுலதான் வைக்கப்போறாராம். பெட்டியைப் பிரிக்காதீங்கண்ணேன்னு சொல்லி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பள்ளத்தூர்