பஜனை மண்டப மொட்டை மாடித் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் நமஸ்காரம்.

செம்பூரில் உள்ள நம் பஜனை மண்டபத்தின் மொட்டை மாடித் தளம், கூடத்தின் உள்கூரை, மழைநீர்க் குழாய்கள் ஆகிய மூன்று வேலைகளும் முடிந்துவிட்டன. தளம் போட்டு முடித்தது மே கடைசியில். அறிக்கை இப்போதுதான் வருகிறதே என்று சிலர் கேட்டார்கள். மும்பையில் ஜூலை மழையைப் பார்க்காமல் கூரை வேலை நன்றாக வந்திருக்கிறது என்று எழுதுவதில் அர்த்தமில்லை என்பதால் காத்திருந்தோம். இந்தப் பருவம் முழுக்கக் கூடத்துக்குள் ஒரு சொட்டும் இறங்கவில்லை.

முதலில், ஒழுகல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். மேடைக்கு வலப்புறம் உள்ள மின்விசிறிக் கொக்கி வழியாகத்தான் நீர் சொட்டியது. எனவே ஓட்டை அதற்கு நேர் மேலே இருக்கும் என்று பலரும் நினைத்தார்கள். கான்கிரீட்டின் மேல் செங்கல் துண்டுகளைக் கலவையில் பதித்துப் போடும் கோபா தளத்தில் அப்படிக் கணக்குப் போட முடியாது. மேல்பூச்சு வெடித்த இடத்தில் புகும் நீர் செங்கல் துண்டுகளுக்கு நடுவே பரவி, கான்கிரீட்டின் மேல் ஓடி, எங்கே விரிசலோ வயர் போகும் குழாயோ கிடைக்கிறதோ அங்கே இறங்கும். அதனால் மாடியை மண் வரப்பு கட்டி நான்கு பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக நீர் நிறுத்திப் பார்த்தோம். தாழ்ந்த பக்கத்துப் பாத்தியில்தான் தொடங்க வேண்டும். மேட்டில் தொடங்கினால் அந்த நீரே உள்ளுக்குள் தாழ்வுக்கு வந்துவிடும், எந்தப் பாத்தி கசிகிறது என்று சொல்ல முடியாது.

கசிந்தவை மூன்று இடங்கள்: கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, நீர் வெளியேறும் வாய், தண்ணீர்த் தொட்டி நிற்கும் திண்டுகளின் அடி. நடுத்தளம் ஏறக்குறைய நன்றாகவே இருந்தது. அப்படியானால் மூன்று இடங்களை மட்டும் ஒட்டுப்போட்டிருக்கலாமே என்ற கேள்வி பொதுக்கூட்டத்திலும் எழுந்தது. சோதனைக்காக ஓரடிச் சதுரம் உடைத்துப் பார்த்ததில், பழைய கோபாவை எடுக்காமல் அதன் மேலேயே யாரோ இன்னொரு கோபா போட்டிருந்தது தெரிந்தது. இரண்டும் சேர்ந்து சராசரி 8 அங்குலம். நடுவில் ஈரம் சொதசொதவென்று நின்றது. 1,200 சதுர அடிக்குக் கணக்கிட்டால் கான்கிரீட் தளத்தின் மேல் சுமார் 40 டன். மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவின்படி 30 ஆண்டு கடந்த கட்டடத்துக்குக் கட்டமைப்பு ஆய்வு தேவை. நமக்கு அந்த ஆய்வைச் செய்த பொறியாளர், சுமையைக் குறைக்காமல் வேறு எதையும் தொட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தகரக் கொட்டகை போட்டுவிடலாம் என்ற யோசனையையும் ஆராய்ந்தோம். செலவு குறைவுதான். ஆனால் அதற்கு மாநகராட்சி அனுமதி வேண்டும், பருவக் காற்றுக்குப் பிடிமானம் வேண்டும். அந்தப் பிடிமானத்தைப் பலவீனமான அதே தளத்தில்தான் துளைத்து மாட்ட வேண்டும். தவிர, கீழே கம்பி துருப்பிடிப்பதைக் கொட்டகை மறைக்குமே ஒழிய நிறுத்தாது.

இடிப்பதற்கு முன்பே கூடத்தில் இரும்பு ஜாக்கிகளை முட்டுக் கொடுத்தோம். மேலே சுத்தியல் விழும்போது கீழே ஏற்கெனவே தொங்கும் கான்கிரீட் பெயர்ந்து விழும் என்பதால் அந்த நாட்களில் கூடத்தில் யாருக்கும் அனுமதி இல்லை. தினசரி விளக்கும் நாமாவளியும் வாசல் அறையில் நடந்தன. உடைக்க இயந்திரம் வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தோம். உளியும் சுத்தியலும் மட்டும்தான். தளத்தில் நின்றிருந்தது 8 பிராஸ், அதாவது 800 கன அடி. உடைந்தபின் அது 11 பிராஸாக உப்பியது. லாரி பேசுபவர்கள் உடைத்தபின் உள்ள அளவைச் சொல்லித்தான் பேச வேண்டும், இல்லையென்றால் கடைசி லோடுக்கு வாசலில் தகராறுதான்.

தொண்டர்களின் முதல் பெரிய பங்கு இங்கேதான். டெப்ரியை, அதாவது இடிபாட்டுக் குப்பையை, சாக்குகளில் முக்கால் பாகம் மட்டும் நிரப்பி, வாய் கட்டி, மாடிப்படியில் வரிசையாகக் கைமாற்றி இறக்கினார்கள். நிறையக் கட்டினால் ஒருவர் தூக்க முடியாது, சாக்கும் கிழியும். உடைப்பது, முட்டுக் கொடுப்பது, மின்வேலை ஆகியவற்றில் தொண்டர்களை விடவில்லை. இதில் சிலருக்கு வருத்தம் உண்டு. சேவை மனப்பான்மை இருக்கிறது என்பதற்காக யாரையும் ஜாக்கிக்குக் கீழே நிறுத்த முடியாது.

புதிய தளம் போட்ட முறை பின்னால் வரும் குழுக்களுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விவரமாக எழுதுகிறோம். வெறும் கான்கிரீட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, விரிசல்களை வி வடிவில் கீறி, பாலிமர் கலவையால் அடைத்தோம். அதன் மேல் சிமென்ட் பால், 1:4 கலவையில் முக்கால் அங்குலப் படுக்கை, பிறகு செங்கல் துண்டுகள். செங்கலைத் தொட்டியில் ஊறவைத்தே எடுக்க வேண்டும். காய்ந்த செங்கல் கலவையின் நீரை உறிஞ்சிவிடும், கலவை மாவாக உதிரும். குமிழி வருவது நிற்கும் வரை ஊறவிடுவதை இரண்டு மாமிகள் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொண்டார்கள். மேஸ்திரி அவசரப்பட்டபோதும் அவர்கள் விடவில்லை. நீர்ப்புகாக் கரைசல் சிமென்ட் மூட்டைக்கு 200 மி.லி., டின்னில் அச்சிட்டிருந்த அளவே. கூட ஊற்றினால் கூடப் பலன் என்பது தவறு. கலவை இறுகத் தாமதமாகும், வலுவும் குறையும்.

வாட்டம் நூறுக்கு ஒன்று. நம் மாடியில் மிகத் தொலைவான புள்ளி நீர் வாயிலிருந்து 20 அடி, எனவே அங்கே இரண்டரை அங்குலம் உயரம். மட்டம் பார்க்க நீர் நிரப்பிப் பிடிக்கும் லெவல் ட்யூபில் காற்றுக் குமிழி இருந்தால் எல்லாக் கணக்கும் பொய்யாகும். நூல் கட்டுவதற்கு முன் ட்யூபின் இரு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தே ஒவ்வொரு நாளும் தொடங்கினோம். கைப்பிடிச் சுவரில் ஓரடி உயரத்துக்குப் பழைய பூச்சை உரித்து, மூலையில் வளைவான வாட்டா கட்டினோம். சராசரி 4 அங்குலத்தில் முடித்ததால் பழைய சுமை பாதியாகிவிட்டது.

மேல்முகத்துக்கு வெள்ளை ஓட்டுத் துண்டுகள் பதித்தோம். உறுப்பினர் வீடுகளில் குளியலறை மாற்றியபோது மிஞ்சியவையும் உடைந்தவையும் வந்து குவிந்தன. அவற்றை ஊறவைத்து, பழைய சிமென்டைச் சுரண்டி, கையுறை போட்டு உடைத்துக் கொடுத்தது இளைஞர் குழு. ஈரக் கலவை இறுகுமுன் பதித்து மட்டப்பலகையால் தட்ட வேண்டும். கூர்மையான விளிம்புகளைத் தேய்ப்புக் கல்லால் மழுக்கியாயிற்று, வெறுங்காலோடு நடக்கலாம். வடாம் பிழிபவர்கள் இனி நிம்மதியாக ஏறலாம்.

பிறகு 7 நாள் நீர் நிறுத்தினோம். சராசரி 2 அங்குல நீர் என்றாலே ஐந்தரை டன்னுக்கு மேல் என்பதால் பொறியாளரைக் கேட்டே நிறுத்தினோம். மே வெயிலில் நீர் தானாகவும் குறையும், அது கசிவா ஆவியா என்று எப்படித் தெரியும்? தளத்து நீருக்குள்ளேயே ஒரு வாளியில் நீர் நிரப்பி வைத்து, இரண்டிலும் கோடு போட்டு வைத்தோம். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் ஆவி. தளத்தில் மட்டும் கூட இறங்கினால் எங்கோ போகிறது. நமக்கு இரண்டு கோடும் ஒன்றாகவே இறங்கின.

குழாய் விஷயத்தில் பழைய கணக்கே தப்பு. மூன்று அங்குலக் குழாய் இரண்டு மட்டுமே இருந்தன. மணிக்கு 100 மி.மீ. மழைக்கு ஒரு நான்கு அங்குலக் குழாய் சுமார் 450 சதுர அடி மாடியைத்தான் தாங்கும். மூன்று அங்குலம் அதில் பாதியும் தாங்காது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ. கொட்டியதைப் பார்த்த ஊர் இது. இப்போது நான்கு அங்குலக் குழாய்கள் மூன்று. துளைகளைப் பொறியாளர் கம்பி பார்த்துக் குறித்த இடத்தில் இயந்திரத்தால் வட்டமாக வெட்டினோம். சுத்தியலால் உடைத்தால் வாயைச் சுற்றி மயிரிழை வெடிப்பு வரும், அடுத்த ஒழுகல் அங்கேதான் தொடங்கும்.

உள்கூரையில் கம்பி துருப்பிடித்து வீங்கியதால்தான் கான்கிரீட் பாளம் பாளமாகப் பிளந்தது. உதிரும் பகுதியைத் தட்டி எடுத்து, கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவு இடம் விட்டு, துருவைப் பளபளப்பு வரும்வரை தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்தோம். மெலிந்த இடங்களில் பொறியாளர் சொன்னபடி புதுக் கம்பி சேர்த்தோம். பாலிமர் கலவையை அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் அப்பக் கூடாது, தன் எடையிலேயே கழன்றுவிடும். திட்டுத் திட்டாக இருந்த கூரையைப் பார்த்து எப்போது பெயின்ட் என்று பலர் கேட்டார்கள். மழை முடியும்வரை வேண்டுமென்றே அடிக்கவில்லை. ஈரம் வந்தால் உப்புப் பூத்து உடனே தெரிய வேண்டும், பெயின்ட் அதை மறைத்துவிடும். இப்போது அடித்தாயிற்று.

இதே சமயம் அன்னதானப் பித்தளை அண்டாக்களுக்கு வெள்ளீயம் பூசியாயிற்று. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும். காலி அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தாளிதம் எடுக்கப் போகாதீர்கள். தஞ்சாவூர்ப் படங்களைச் சுவரோடு ஒட்டாமல், பின்னால் மரத்துண்டு வைத்து மாட்டியிருக்கிறோம். அவற்றை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது.

பராமரிப்புக்கு ஒரு பட்டியல் அலுவலக அறையில் ஒட்டியிருக்கிறது. மே நடுவில் நீர் வாய்களையும் வலைகளையும் சுத்தம் செய்ய வேண்டும், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை. வாட்டாவில் முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்கச் சிலர் தயங்குகிறார்கள். இரண்டு இலை விடும்போதே வேரோடு எடுத்துத் தொட்டியில் வைத்துவிடுங்கள். பெரிதானால் வேர் தளத்துக்குள் போய்விடும். ராதா கல்யாணத்துக்குப் பந்தல் போடுபவர்கள் மாடியில் ஆணி அடிக்கவோ துளை போடவோ கூடாது. கான்கிரீட் நிரப்பிய டின்களில் குழாய் நட்டு எட்டுக் கால்கள் தயாராக இருக்கின்றன, அவற்றில்தான் கட்ட வேண்டும். மாடிச் சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் அலுவலகத்தில் ஞாயிறு காலை பார்வைக்குக் கிடைக்கும்.