எதிர்முனையில் நின்ற பையன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் காலை நடைக்குப் போகிறாய் என்று படித்ததும் மனது லேசானது. இங்கே எல்லோரும் நலம். மகனுக்கு வேலை மாற்றலாகிவிட்டதால் பேத்தி இந்த ஆண்டு எங்களோடுதான் இருக்கிறாள். வீடு நிறைந்திருக்கிறது.

உன் பேரன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு நாளாக அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. 14 வயதுப் பையனிடம் பேட்டிங்கா, பவுலிங்கா, ஒன்றை முடிவு செய் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். நீ என்னைக் கேட்கிறாய். எனக்கும் அதே வயதில் அதே கேள்வி வந்தது, உனக்கு நினைவிருக்கும். "உனக்குப் பந்து சுழல்கிறது, மட்டையை மற" என்று பெரியவர் ஒருவர் சொன்னார். நானும் மறந்தேன். பிறகு லீக் ஆட்டங்களில் பத்தாவது ஆளாக இறங்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ அறுபட்டது போல் இருந்தது. அதனால் உன் பேரன் இரண்டையும் விடக் கூடாது என்பதுதான் என் பதில். ஏன் என்று கேட்டால், இந்திய அணியில் பந்தும் போட்டு மட்டையும் பிடிக்கிற நம் வாஷிங்டன் சுந்தரைக் காட்டுவேன்.

அவனை நான் ஒவ்வொரு ஆட்டமாகப் பின்தொடர்கிறேன் என்று உனக்குத் தெரியும். பெயர்க் கதையும் தெரிந்திருக்கும். திருவல்லிக்கேணியில் அவனுடைய அப்பா சுந்தர் வசதியில்லாத வீட்டுப் பிள்ளை, நல்ல கிரிக்கெட் ஆடுவார். வாஷிங்டன் என்ற முன்னாள் ராணுவ வீரர் ஒருவர்தான் அவருக்குச் சீருடை வாங்கித் தந்து, பள்ளிக் கட்டணமும் கட்டியவர். 1999-இல் அந்தப் பெரியவர் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில் பிறந்த மகனுக்குச் சுந்தர் அந்தப் பெயரையே வைத்துவிட்டார். இந்தியா எங்கே ஆடினாலும் பலகையில் அந்தப் பெயர் எரிகிறது. நன்றிக்கடனை இதைவிடப் பெரிதாக யாரும் தீர்த்து நான் பார்த்ததில்லை.

அவனுக்கு ஒரு காதில் மட்டும்தான் கேட்கும் என்பதை நீ அறிவாயா? சின்ன வயதிலேயே தெரிந்துவிட்ட குறை. 50,000 பேர் கத்தும் மைதானத்தில், உயரப் போன பந்துக்கு இரண்டு பேர் ஓடிவரும்போது, கேட்காத பக்கத்திலிருந்து வரும் குரல் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். இத்தனை ஆண்டு ஆட்டத்தில் அதை ஒரு காரணமாக அவன் நீட்டியதே இல்லை.

அவனுடைய வளர்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு கதவும் வேறு யாராவது வராததால்தான் அவனுக்குத் திறந்தது. 2017 ஐபிஎல்லில் அஸ்வின் காயத்தால் விலகவே, புனே அணிக்குப் போனான். 17 வயது. வான்கடேயில் மும்பைக்கு எதிரான முதல் தகுதிச் சுற்றில் 16 ரன்னுக்கு 3 விக்கெட், ஆட்ட நாயகன். அதே ஆண்டு தமிழ்நாட்டு டி20 லீகான டிஎன்பிஎல்லில் தூத்துக்குடி அணிக்குத் தொடக்க ஆட்டக்காரனாக இறங்கித் தொடர் நாயகன் ஆனான். டிசம்பரில் இந்தியாவுக்காக டி20 ஆடியபோது வயது 18 ஆண்டு 80 நாள். அதுவரை அவ்வளவு இளம் வயதில் இந்தியாவுக்கு யாரும் டி20 ஆடியதில்லை. ஆனால் இந்திய அணி அவனை எடுத்தது பந்துவீச்சுக்காக. பேட்டிங் பெட்டிக்குள் போய்விட்டது.

2018 மார்ச்சில் கொழும்பில் நிதாஹாஸ் கோப்பை இறுதி ஆட்டம். கடைசிப் பந்தில் ஐந்து ரன் தேவை என்றபோது தினேஷ் கார்த்திக் அடித்த சிக்சரை நாம் சேர்ந்துதானே பார்த்தோம்? உன் வீட்டு நாற்காலியின் கை உடைந்ததே! அப்போது எதிர்முனையில் நின்றது யார் தெரியுமா? வாஷிங்டன். முந்தின பந்தில் விஜய் சங்கர் ஆட்டமிழக்க உள்ளே வந்தவன், ஒரு பந்தும் ஆடாமல் நின்றான். தொடர் நாயகன் விருது வாங்கியதும் அவன்தான், பந்துவீச்சுக்காக. தொடக்க ஆட்டக்காரனாக வளர்ந்த பிள்ளை அங்கே மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும்தான் செய்தான். இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள், மறுபடியும் வரும்.

பிரிஸ்பேன், 2021 ஜனவரி. டி20 தொடர் முடிந்ததும் வலைப்பயிற்சியில் பந்து போடுவதற்காக அவனை ஆஸ்திரேலியாவிலேயே நிறுத்திக்கொண்டார்கள். மூத்தவர்கள் ஒவ்வொருவராகக் காயமடைய, நான்காவது டெஸ்டில் அவனும் நம் சேலத்து நடராஜனும் ஒரே நாளில் டெஸ்ட் தொப்பி வாங்கினார்கள். அவனிடம் காலில் கட்டுகிற வெள்ளை நிறப் பேட் கூட இல்லை. அணியில் மற்றவர்களுடையதை எடுத்துக் கட்டிப் பார்த்தால் அவன் உயரத்துக்குப் பொருந்தவில்லை. டெஸ்ட் தொடங்கிய பிறகு கடைக்கு ஓடி வாங்கி வந்ததாக அப்போதைய பீல்டிங் பயிற்சியாளர் ஸ்ரீதர் பின்னால் சொன்னார். அந்தப் புதுப் பேடைக் கட்டிக்கொண்டு போனபோது இந்தியா 186 ரன்னுக்கு 6 விக்கெட். ஆஸ்திரேலியா எடுத்தது 369. ஷர்துல் தாக்கூரோடு சேர்ந்து 123 ரன். அவனுடைய கணக்கில் 62. அந்தக் கூட்டணி இல்லாவிட்டால் கடைசி நாளில் பந்த் துரத்துவதற்கு ஒரு இலக்கே இருந்திருக்காது.

அடுத்து அகமதாபாத், அதே ஆண்டு மார்ச். அதை நினைத்தால் இன்றும் வயிறு பிசைகிறது. இங்கிலாந்துக்கு எதிராக 96 ரன்னில் நிற்கிறான். அக்சர் படேலோடு 106 ரன் சேர்த்தாயிற்று. நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. அக்சர் ரன் அவுட். அடுத்து ஸ்டோக்ஸின் ஒரே ஓவரில் இஷாந்த், சிராஜ் இருவரும் போனார்கள். 365-க்கு எல்லோரும் அவுட். எதிர்முனையில் வாஷிங்டன், ஆட்டமிழக்காமல் 96. கையுறையைக் கழற்றிக்கொண்டு நடந்தான். அதற்கு முன் சேப்பாக்கத்திலும் அப்படித்தான், ஆட்டமிழக்காமல் 85.

நான்கு டெஸ்டில் 265 ரன், சராசரி 66. இந்தக் கணக்கோடு ஒருவன் வெளியே போய், திரும்பி வர மூன்றரை ஆண்டு ஆகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பாயா? அந்தக் கோடையில் டர்ஹமில் ஒரு பயிற்சி ஆட்டம். எதிரணியில் ஆள் குறைந்ததால் அவர்களுக்காக ஆடப்போய், நம் சிராஜின் பந்திலேயே விரலில் அடிபட்டான். பிறகு கோவிட், கை, தோள் என்று வரிசையாக வந்தன. 2023-இல் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்துக்குக் கொழும்புக்கு அவசரமாக அழைத்தார்கள், அக்சருக்குக் காயம் என்று. உலகக் கோப்பை அணியில் இடம் இல்லை.

2024 அக்டோபரில் டெல்லிக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் மூன்றாம் இடத்தில் இறங்கி 152 எடுத்தான். பெங்களூரு டெஸ்டில் இந்தியா நியூசிலாந்திடம் தோற்றிருந்தது. உடனே அவனை அணியில் சேர்த்துப் புனேயில் இறக்கினார்கள். முதல் மூன்று விக்கெட் அஸ்வினுக்கு. நியூசிலாந்து 197-க்கு 3 என்று நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது ரச்சின் ரவீந்திராவுக்கு அவன் போட்ட பந்து இருக்கிறதே, அதை நான் பத்து முறையாவது போட்டுப் பார்த்திருப்பேன். இடதுகை ஆட்டக்காரரின் கால் பக்கமாகக் காற்றில் மிதந்து உள்ளே வருகிறது. அவர் அதை நம்பித் தடுக்கக் குனிகிறார். விழுந்ததும் விலகி, வெளி விளிம்பைத் தாண்டிப் போய் ஸ்டம்பைத் தட்டுகிறது. இறுகிய களிமண்ணில் சுண்டு விரல் தட்டுவது போல ஒரு சத்தம். ஆஃப் ஸ்பின் போட்டவனுக்குத்தான் அந்தப் பந்தின் விலை தெரியும். காற்றில் ஒரு பக்கம், தரையில் ஒரு பக்கம், இரண்டும் ஒரே பந்தில். மீதி ஏழு விக்கெட்டும் அவனுக்கே, 59 ரன்னுக்கு 7. பத்து விக்கெட்டையும் இரண்டு தமிழ்நாட்டு ஆஃப் ஸ்பின்னர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். இரண்டாவது இன்னிங்சில் இன்னும் 4. இந்தியா அந்த ஆட்டத்தில் தோற்றது, தொடரையும் இழந்தது. அந்தத் தோல்வியில் அவனுடைய 11 விக்கெட் மூழ்கிப் போனது எனக்கு ஆறவே இல்லை.

இனி, 2025 இங்கிலாந்து. லார்ட்ஸில் இரண்டாவது இன்னிங்சில் 22 ரன்னுக்கு 4 விக்கெட், ரூட்டும் ஸ்டோக்ஸும் உட்பட நான்குமே பவுல்டு. பேட்டிங்கில் சுழியம், இந்தியா 22 ரன்னில் தோற்றது. அடுத்தது மான்செஸ்டர். 311 ரன் பின்தங்கி, முதல் ஓவரிலேயே இரண்டு விக்கெட் போய், ஸ்கோர் பூஜ்யம். பந்த்துக்குக் கால் எலும்பு முறிவு. வாஷிங்டனை ஐந்தாம் இடத்தில் இறக்கினார்கள். மாலையில் ஸ்டோக்ஸ் டிரா என்று கை நீட்டியபோது ஜடேஜா 89, இவன் 80. இருவரும் கை கொடுக்கவில்லை. நான் தொலைக்காட்சி முன் எழுந்து நின்றேன். அகமதாபாத்தில் பறிபோன அந்த நான்கு ரன் என் தொண்டையில் இருந்தது. அன்று ஆட்டமிழக்காமல் 101. முதல் டெஸ்ட் சதம்.

ஓவலில் நடந்ததை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். ஒன்பது விக்கெட் போய்விட்டது, கூட நிற்பது பிரசித் கிருஷ்ணா. அகமதாபாத்துப் பையனாக இருந்தால் எதிர்முனையில் காத்திருந்திருப்பான். இந்த முறை தானே எல்லாப் பந்தையும் எதிர்கொள்ள முயன்று சிக்சர் சிக்சராக அடித்தான். 46 பந்தில் 53. கடைசி விக்கெட்டுக்கு 39 ரன் சேர்ந்தது. அதில் பிரசித் எடுத்தது ஒன்றும் இல்லை. இந்தியா எத்தனை ரன்னில் வென்றது? ஆறு.

இவ்வளவுக்குப் பிறகும் நவம்பரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகக் கொல்கத்தாவில் மூன்றாம் இடம், அடுத்த டெஸ்டிலேயே குவாஹாட்டியில் எட்டாம் இடம். கொல்கத்தாவில் பந்து தாறுமாறாக எழும்பிய ஆடுகளத்தில், 93-க்குச் சுருண்ட இன்னிங்சில் அவன் எடுத்த 31 தான் அதிகம். எட்டாம் இடத்திலும் 48 எடுத்தான். ஆனால் ஒருவனை இப்படி அலைக்கழிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. புதுப் பந்தை ஆடத் தெரிந்தவனை வால்முனையில் நிறுத்தினால் அவன் என்னதான் செய்வான்? ஐந்திலோ ஆறிலோ ஓர் இடத்தைக் கொடுத்து இரண்டு ஆண்டு விட்டுவைக்க வேண்டும்.

உன் பேரனின் பயிற்சியாளரோடு சண்டை வேண்டாம். நீயே நேரில் போய்ப் பேசு. காலையில் பேட்டிங், மாலையில் பவுலிங் என்று பிரித்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேள். பையனிடம் பந்து போடுவதைக் கைப்பேசியில் பக்கவாட்டிலிருந்து எடுத்து அனுப்பச் சொல். முன்காலை எங்கே ஊன்றுகிறான் என்று பார்க்க வேண்டும். பொங்கலுக்கு நீங்கள் வந்தால் மொட்டை மாடியில் ஒரு ஸ்டம்பை நட்டு வைக்கிறேன். ரவீந்திரா பந்தை எப்படி விடுவது என்று அவனுக்கு விரலில் காட்டித் தருவேன். தங்கையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஆஃப் ஸ்பின்னர்