மன்ரோவியா அம்மாக்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அம்மாக்களே, அக்காக்களே,

மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில், உங்கள் தலைநகர் மன்ரோவியாவில் பணியாற்றிய மத்திய ரிசர்வ் போலீஸ் பெண்கள் பிரிவில் நானும் ஒருத்தி. ஐ.நா. அமைதிப் படையில் முழுக்கப் பெண்களே இருந்த முதல் போலீஸ் பிரிவு அது. 2007 ஜனவரியில் வந்து, 2016 பிப்ரவரியில் விடைபெற்றது. ஊர் திரும்பினால், "அங்கே அமைதியைக் காப்பாற்றியவர்கள்" என்று எங்களுக்குச் சால்வை போடுகிறார்கள். அது உங்களுக்குச் சேர வேண்டிய சால்வை. என் ஊர்க்காரர்களுக்கும் உங்களைத் தெரியட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

நாங்கள் வரும் முன்பே, உள்நாட்டுப் போரை நிறுத்தவைக்கும் பெரிய வேலையை நீங்கள் முடித்துவிட்டீர்கள். 2003-ல் உங்கள் அமைதிப் போராட்டத் தலைவி லேமா போவி அழைக்க, வெள்ளைச் சட்டையோடு மீன் சந்தைப் பக்கம் இருந்த மைதானத்தில் வெயில் மழை பாராமல் உட்கார்ந்தீர்கள். அதிபர் சார்லஸ் டெய்லரின் கார்கள் போகும் சாலை அது. சர்ச்சுக்குப் போகிறவர்களும் மசூதிக்குப் போகிறவர்களும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்தீர்கள். சமாதானப் பேச்சுவார்த்தை மேசையில் உங்களுக்கு நாற்காலி இல்லை. அப்புறம் அந்தப் பேச்சு நடந்த கானா தலைநகர் அக்ராவில், முடிவெடுக்காமல் பேசிக்கொண்டே இருந்த ஆண்களை மண்டபத்துக்குள் வைத்து வாசலை மறித்தீர்கள். காவலர்கள் கைது செய்ய வந்தபோது, உடுத்தியிருப்பதைக் களைவேன் என்று போவி துணிந்து நின்றார். தாய் வயதுப் பெண் அப்படிச் செய்வது அந்த மண்ணில் பெரும் சாபம். ஆகஸ்ட் 18-ல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. சீருடையும் துப்பாக்கியும் இல்லாமல் இதைச் செய்தீர்கள் என்பதை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

பெண்களே கூடி ஊர்ச் சண்டைகளைத் தீர்க்கும் உங்கள் அமைதிக் குடிலில் ஒரு மதியம் எங்களை உட்கார வைத்ததற்குத் தனி நன்றி. மனைவியை அடித்த ஒருவன் நடுவில் நின்றான். யாரும் குரல் உயர்த்தவில்லை. அவள் பேசி முடிக்கும்வரை அவனை வாய் திறக்கவிடவில்லை, அவ்வளவுதான். அவன் தலை தானாகக் குனிந்தது. பெரிய குற்றமென்றால் மறைக்காமல் போலீசுக்கு அனுப்பினீர்கள். பஞ்சாயத்து என்ற பெயரில் பெண்ணையே அடக்கி வீட்டுக்கு அனுப்புவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த மதியத்தை மறக்க முடியாது.

லைபீரியப் போலீசில் எங்களோடு இரவு ரோந்து வந்த தங்கைகளுக்கும் நன்றி. எந்தச் சந்தில் நுழையலாம், யாரிடம் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும் என்று சொல்லித்தந்தது நீங்கள்தான்.

2018-ல் உங்கள் அதிபர் எல்லன் ஜான்சன் சர்லீஃப் பதவியை ஜார்ஜ் வேயாவிடம் அமைதியாக ஒப்படைத்தார். 2023 தேர்தலில் நூலிழையில் தோற்ற வேயா, முடிவு அதிகாரப்பூர்வமாக வரும் முன்பே, வென்ற ஜோசப் போகாயை வாழ்த்தினார். இரண்டு முறையும் டிவி முன்னால் உட்கார்ந்து உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் இந்தியச் சகோதரி