அமிலத் தூளும் ஒரு தேக்கரண்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செரிமானத்துக்கு அமிலத் தூள் எடுப்பது பற்றிச் சென்ற இதழின் உடல்நலப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் ஒரு மருந்தாளுநர். வயிற்றில் அமிலம் குறைந்தாலும் உப்புசமும் ஏப்பமும் வரும் என்று சொன்னது நல்ல விஷயம். வயிற்றுக் கோளாறு என்றாலே அமிலம் கூடிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் எப்படிச் சாப்பிடுவது என்ற இடத்தில், "உணவுக்கு முன் ஒரு தேக்கரண்டி தூளைத் தண்ணீரில் கலந்து குடிக்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என் ஆட்சேபணை அந்த வரியின் மீதுதான்.

கட்டுரை சொல்லும் தூள் பீட்டெய்ன் ஹைட்ரோகுளோரைடு. அதன் எடையில் ஏறத்தாழ 24 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். தண்ணீர் பட்டதும் அந்த அமிலம் வெளியே வந்துவிடும். கடைகளில் கிடைக்கும் கேப்சூல்களில் பெரும்பாலும் 500 முதல் 750 மில்லிகிராம் வரைதான் இருக்கும். ஒரு தேக்கரண்டியில் பல கேப்சூல்களின் தூள் கொள்ளும். கூம்பாக அள்ளினால் இன்னும் கூடும், ஈரம் ஏறிக் கட்டிதட்டிய தூள் என்றால் கணக்கே கிடையாது. அமிலத்தைக் கரண்டியால் அளக்கக் கூடாது. மில்லிகிராம் காட்டும் தராசு வேண்டும்.

அளவு சரியாக இருந்தாலும் தூளில் இன்னொரு சிக்கல் உண்டு. இரைப்பையின் உட்சுவரைச் சளிப்படலமும் அதிலுள்ள, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும் காக்கின்றன. வாய்க்கும் உணவுக்குழாய்க்கும் அந்த அளவு காப்பு இல்லை. அமிலத்தன்மையைச் சொல்லும் அளவு பி.எச்., அது குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள். பல்லின் மேற்பூச்சான எனாமல் பி.எச். சுமார் 5.5க்குக் கீழே போனாலே கரையத் தொடங்கும். இந்தத் தூளைக் கரைத்த தண்ணீரோ அதைவிடப் பல மடங்கு புளிப்பு. கெட்டியாகக் கலந்தால் பி.எச். 1 வரைக்கும் இறங்கும். அதை வேளாவேளைக்குக் குடித்தால் பல் கூசுவதில் ஆச்சரியம் இல்லை. கேப்சூல் வயிற்றுக்குள் போய்த்தான் கரைகிறது. கேப்சூலை விழுங்க முடியவில்லை என்று அதைப் பிரித்துத் தூளைக் கொட்டிக் குடிப்பவர்களும் உண்டு. அதுவும் இதே கதைதான்.

மருத்துவரே பார்த்துத் தூளாக எடுக்கச் சொன்னார் என்றால், அவர் சொன்ன எடையைத் துல்லியமாக நிறுத்து, ஒரு பெரிய குவளைத் தண்ணீரில் துகள் தெரியாமல் கரைத்து, உறிஞ்சுகுழலால் குடிக்கலாம். வெறும் வயிற்றில் வேண்டாம். புரதம் உள்ள உணவின் நடுவே குடிப்பதே சரி. பிறகு வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளிக்க வேண்டும். உடனே பல் துலக்கக் கூடாது, அமிலம் பட்டு இளகிய எனாமலைப் பிரஷ் தேய்த்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துத் துலக்கலாம். குடித்த கையோடு படுப்பதும் கூடாது. உலர்ந்த தூளை ஒருபோதும் நாக்கில் போடாதீர்கள்.

சரி, யாருக்கு இது தேவை? கட்டுரை இரண்டு வீட்டுச் சோதனைகளைச் சொல்கிறது. வயிற்றில் அமிலம் போதுமா என்று பார்க்கச் சமையல் சோடாவைக் குடித்துவிட்டு ஏப்பம் வரும்வரை நிமிடம் எண்ணுவதை நம்ப முடியாது. முன்பு என்ன சாப்பிட்டோம், எவ்வளவு காற்றை விழுங்கினோம் என்பதைப் பொறுத்தே ஏப்பம் மாறும். வயிறு எரியும்வரை அளவைக் கூட்டிக்கொண்டே போய், அப்புறம் ஒரு படி குறைப்பது இரண்டாவது. பாலம் எவ்வளவு தாங்கும் என்று அறிய அது விரிசல் விடும்வரை லாரி ஏற்றிப் பார்ப்பது போன்றது இது. ஏற்கெனவே வயிற்றில் புண் இருப்பவருக்கு முதல் வேளையே ஆபத்தாகலாம்.

அமிலம் உண்மையிலேயே குறைந்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். இரைப்பையில் தங்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவின் நாள்பட்ட தொற்றாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் சிகிச்சை உண்டு. ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையாகவும் இருக்கலாம். அமிலத்தைக் குறைக்க ஒன்றை விழுங்கிவிட்டு, கூட்ட இன்னொன்றையும் விழுங்குவதை என்னவென்று சொல்வது! உடலின் எதிர்ப்புச் சக்தியே இரைப்பையின் அமிலச் செல்களை அழிக்கும் நோயும் உண்டு. நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். வைட்டமின் பி12 உடலில் சேர ஒரு புரதம் தேவை. அமிலத்தைச் சுரக்கும் அதே செல்கள்தான் அதையும் சுரக்கின்றன. தூள் அமிலத்தைத் தரும், அந்தப் புரதத்தைத் தராது. உப்புசம் குறைந்துவிட்டது என்று ஒருவர் நிம்மதியாக இருக்க, உள்ளே பி12 குறைந்து நரம்புகள் பாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி என்று மருத்துவர் சொன்னால் அது வீண் செலவல்ல.

தூள் வேலையே செய்யாது என்று நான் சொல்லவில்லை. 2013இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மாத்திரையால் அமிலம் குறைக்கப்பட்ட ஆறு ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு 1,500 மில்லிகிராம் பீட்டெய்ன் ஹைட்ரோகுளோரைடு கொடுத்தார்கள். சில நிமிடங்களிலேயே வயிற்றில் அமிலத்தன்மை ஏறி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் நீடித்தது. அது அமிலத்தைக் கூட்டும் என்பதற்குத்தான் இது சான்று, செரிமானக் கோளாறு தீரும் என்பதற்கு அல்ல. இந்தப் பொருளைச் செரிமான மருந்தென்று சொல்லி மருந்துச் சீட்டில்லாமல் விற்பதை, போதிய சான்று இல்லை என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1993இல் நிறுத்தியது. இப்போது அது சப்ளிமென்ட் என்ற பெயரில் விற்கிறது.

பெயரில் ஒரு குழப்பமும் நடக்கிறது. ஹைட்ரோகுளோரைடு இல்லாத வெறும் பீட்டெய்ன் தூளும் கடையில் உண்டு. அதில் இந்த அமிலம் கிடையாது. அதை வாங்கிப் பலனில்லை என்று அளவைக் கூட்டிக் கொண்டே போனவர், அதே அளவை அடுத்த முறை அமிலத் தூளில் எடுத்தால் என்ன ஆகும்?

அல்சர், இரைப்பை அழற்சி, அமில எதுக்களிப்பு இருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளோ ஸ்டீராய்டோ எடுப்பவர்களும் அப்படியே. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தாமாகக் கொடுக்கக் கூடாது. உங்கள் கட்டுரையைப் படித்து ஏற்கெனவே தூளைத் தொடங்கியவர்களுக்கு மலம் கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, விழுங்க வலித்தாலோ நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதம் முழுவதற்கும் இடமில்லை என்றாலும் பரவாயில்லை. அந்தத் தேக்கரண்டி வரிக்கு மட்டும் அடுத்த இதழில், அதே பக்கத்தில், ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநராகப் பணிபுரியும் ஒரு வாசகர்